கரண்டு இல்லாத வேலி

நான் கரண்டு வேலை படிச்ச ஆளு லா. கூட இருக்கிறவங்க பேய், பிசாசுன்னு ஆரம்பிச்சாலே எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போயிடுவேன். இத இன்னொருத்தன் எங்கிட்ட சொல்லியிருந்தா நானே சிரிச்சிருப்பேன், அதனால நீங்க சிரிச்சாலும் கோவிச்சுக்க மாட்டேன்.

புக்கிட் ரோத்தான் தாண்டி செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுல ஒரு சின்ன ஏஎம் ரேடியோவோட டவர் இருக்கு, அதப் பாத்துக்கிறது நான்தான். அந்த டவர் முழுக்க சிக்னல் ஓடுறதால, பக்கத்துல இருக்கிற கம்பி வேலியில எங்கயாச்சும் துருப்பிடிச்ச முடிச்சு இருந்தா அதுவே ரேடியோ மாதிரி பேசும், மெதுவா, சளி பிடிச்ச ஆள் மாதிரி. புதுசா வர்றவங்க பயந்துடுவாங்க, எனக்கு அது விளையாட்டு. சிக்னல் அனுப்புற மெசின ஆஃப் பண்ணா வேலியும் வாய மூடிக்கும்.

மத்தியானத்துல எங்க ரேடியோவுல மரண அறிவித்தல் வாசிப்பாங்க. எஸ்டேட்ட விட்டு நாலா பக்கமும் போன சனங்க அதுக்காகவே ரேடியோ போடும். பட்டப்பேரையும் சேத்து வாசிச்சாத்தான் எந்த வீட்டுச் சாவுன்னு தெரியும். நான் டவர் சேவியர். இந்த வட்டாரத்துல அந்தப் பேருக்கு வேற ஆள் கிடையாது.

போன வருசம் ஒரு நாள், காலையில பதினோரு மணி, நல்ல வெயிலு. முந்தின நாள் இடி விழுந்ததால டவர் அடியில கரண்டு தரைக்கு இறங்காமத் தடுக்கிற பீங்கானத் தொடைக்கணும்னு மெசின ஆஃப் பண்ணி, சாவிய சட்டைப் பையில போட்டு, எர்த் கம்பியையும் மாட்டிட்டுத்தான் உள்ள போனேன். கையில இருந்த குட்டி ரேடியோவுல வெறும் இரைச்சல். துணிய நனைச்சுக் குனியறேன், நம்புனா நம்புங்க, முதுகுக்குப் பின்னாடி வேலி பேசுது. எங்க அறிவிப்பாளர் கமலாவோட குரலு.

"டவர் சேவியரின் ஒரே தங்கை..." பேரு வர்ற இடத்துல கரகரன்னு ஒரு சத்தம். "...அவர்களின் நல்லடக்கம் மாலை நான்கு மணிக்கு நடைபெறும்."

பையத் தொட்டுப் பாத்தேன், சாவி இருக்கு, அது இல்லாம மெசின யாரும் ஆன் பண்ண முடியாது. ஸ்டேஷனுக்குப் போன் அடிச்சு, இப்ப அறிவித்தல்ல என் பேர வாசிச்சியான்னு கேட்டா கமலா, "நான் இன்னும் மைக்கிட்டயே போகல அண்ணே, நீங்கதானே ஆஃப் பண்ணீங்க? லிஸ்ட்டுல உங்க பேரு எதுவும் இல்லியே, ஏன்?" னு கேக்குது.

ஒண்ணும் இல்லம்மான்னு போன வெச்சேன். அப்புறம் யோசிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு. எனக்குத் தங்கச்சி ரெண்டு பேரு, ரவாங்ல திரேசா, சுங்கை பெசார்ல ரீத்தா. ஒரே தங்கச்சின்னா அது நம்ம வீட்டுச் சாவு இல்ல. வெயில்ல காது ஏதோ பண்ணுதுன்னு மனசத் தேத்திக்கிட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரு போன் கூட அடிக்கல.

நாலு மாசம் கழிச்சு திரேசா போயிட்டா. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவ எழுந்திருக்கல. அறிவித்தல நானே எழுதினேன், "டவர் சேவியரின் மூத்த தங்கை"ன்னு. அடக்கம் காலையில பத்து மணிக்கு. வேலி சொன்னது அப்பகூட ஞாபகம் வரல. மண்ணு போட்டுட்டுத் திரும்பறப்ப ரீத்தா என் கையப் பிடிச்சுக்கிட்டு, "அண்ணே, இனிமே உங்களுக்குத் தங்கச்சின்னு நான் ஒருத்திதான்"னா.

அப்பத்தான் வேலி சொன்ன அந்த "ஒரே தங்கை" எனக்கு ஞாபகம் வந்துச்சு.

அவகிட்ட என்னன்னு சொல்றது? டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனேன், எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னாரு. துருப்பிடிச்ச முடிச்சையெல்லாம் அறுத்துப் போட்டு புது வேலி கட்டிட்டேன். சொன்னத அது திருப்பி எடுத்துக்கவா போவுது. தெனமும் சாயங்காலம் நாலு மணிக்கு ரீத்தாவுக்குப் போன் அடிக்கிறேன், அடக்க நேரத்துல அடிச்சு என்ன பிரயோசனம்னு கேக்காதீங்க, எனக்கும் தெரியும். "என்ன அண்ணே, வேற வேலை இல்லியா லா"ன்னு அவ சலிச்சுக்குவா. சும்மாதான்மான்னு வெச்சிடுவேன்.

மத்தியானத்துல கமலா அறிவித்தல் வாசிக்க ஆரம்பிச்சா நான் மெசின் ரூம்ல மீட்டரப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். முன்னெல்லாம் சிக்னல்ல கொஞ்சம் கரகரப்பு வந்தாலே எனக்குக் கோவம் வரும். இப்ப அது சுத்தமா இருந்தாத்தான் பயமா இருக்கு, அன்னிக்கு வேலி முழுங்கின அந்தப் பேரு என்னிக்காச்சும் தெளிவா கேட்டுடுமேன்னு.