சொட்டுநீர் வாங்கியவர்

விவசாய மானியம் யார் யாருக்குக் கிடைத்தது என்று பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் பட்டியல் ஒட்டியபோது எனக்கு உள்ளுக்குள் குஷிதான். தின்றவன் எவன் என்று இனியாவது நாலு பேருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, டிபன் பையோடு நேராகப் போய்ப் படித்தேன். சொட்டுநீர்க் குழாய் வாங்கியவர்களில் எங்கள் ஊருக்கு ஒரே பெயர். என் வீட்டுக்காரர் பெயர். பக்கத்திலேயே போட்டோ. கையில் கறுப்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு, விசேஷத்துக்குப் போடும் சட்டையில், சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

எங்கள் நிலத்தில் ஒரு முழம் குழாய்கூடக் கிடையாது.

குழாய் ஏஜென்ட், பேரணாம்பட்டு பக்கம் யாரோ ஒருவர் நிலத்தில் குழாயை விரித்துவிட்டு, பல ஊர்க்காரர்களை அங்கே வரவழைத்து, ஒவ்வொருவராக நிற்கவைத்துப் படம் எடுத்திருக்கிறான். போட்டோ ஏற்றினால்தான் குழாய் வரும் என்றானாம். இது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. ஆட்டுக்கொட்டகை மானியத்துக்கும் அடுத்தவர் கொட்டகையில் நின்றுதான் படம் எடுத்துக்கொள்வார்கள்.

கிணறு எங்களுக்கும் இவருடைய பெரியப்பா மகனுக்கும் பொது. கீழே உள்ள கிணறுகள் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுத் தண்ணீர் இறங்கிக் கெட்டுவிட்டன. மிஞ்சியது இது ஒன்றுதான். ஆளுக்கொரு நாள் மோட்டார் முறை. அவரும் குழாய்க்கு மனு போட்டு அலைந்து கிடைக்காதவர். பட்டியலைப் பார்த்துவிட்டு வந்து நின்றார்.

"உனக்குத்தான் சொட்டுநீர் வந்துட்ச்சே. கம்மி தண்ணி போதும். உன் முறைல பாதிய வுட்டுடு."

"பைப் வரலண்ணா. போட்டோ மட்டுந்தான் எடுத்தாங்க."

"அப்ப கவர்மெண்ட் பொய் சொல்லுதா?"

அதோடு அண்ணன் தம்பி பேச்சே நின்றது. எங்கள் முறையில் பாதியிலேயே வந்து மோட்டாரை அணைத்தார். பூ வைத்த தக்காளி வாட ஆரம்பித்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இவரை இழுத்துக்கொண்டு தோட்டக்கலை ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரில் அதே படத்தைக் காட்டினார்.

"இது நீங்கதானே? ஆய்வுக்கு வர்றப்ப பைப் இல்லன்னா, வித்துட்டீங்கன்னு எழுதுவாங்க. மானியத்த உங்ககிட்டதான் வசூல் பண்ணுவாங்க."

ஏஜென்ட் போனையே எடுக்கவில்லை. கலெக்டரிடம் மனு கொடுப்போம் என்று நான் கத்தினேன். இவர் கறவை மாட்டை ஓட்டிக்கொண்டு போய் விற்றார். வேலூரில் குழாய் வாங்கிவந்தார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் இடுப்பொடியக் குனிந்து அதை விரித்தோம். வெறும் மாட்டுக்கொட்டகையைத் திரும்பிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பாதித் தண்ணீரே கடைசிச் செடி வரைக்கும் போனது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

சாயங்காலம் பெரியப்பா மகன் வரப்பில் வந்து நின்றார். குழாயைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார்.

"இத்தினி நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்த?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"பரண் மேலண்ணா."

அவர் தலையாட்டிவிட்டு, செடி நன்றாக வரும் என்று சொல்லிப் போனார். ஏன் இப்படிச் செய்தீர்கள், இனி ஊருக்கு நாம் திருடர்கள்தானே என்று கேட்டேன். இவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நெஜத்தச் சொன்ன நாள்லேர்ந்து அண்ணன் என்கிட்ட பேசல. இன்னிக்குத்தான் பேசினாரு."