ஒரு வோல்ட்டுக்குக் கீழே

காலையில் மலையிலிருந்து பீலியில் விழும் தண்ணீரில் முகம் கழுவும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. விரல்கள் மரத்துப்போயிருந்தன. கிராபிக்ஸ் கார்டைக் கூடுதல் வேகத்தில் ஓட்டி வீடியோ போடுகிறவர்கள் எல்லோரும் சூட்டோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்திலோ குளிர் சும்மா கிடைக்கிறது! என் கார்டை எவ்வளவு தூரம் விரட்டலாம்?

'என் கார்டு' என்பது பாதிதான் சரி. மீதிப் பாதி அக்காவுடையது. அவள் கல்யாண வீடியோ எடிட் செய்கிறாள். நோர்வூட்டில் நடந்த கல்யாணம் ஒன்றின் வீடியோவை ஞாயிற்றுக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

"கார்டு எரிஞ்சிச்சுனு வையி, பொண்ணு வீட்டுக்கு நீயே போயி தாலி கட்டுனத நடிச்சுக் காட்டணும்" என்றாள்.

ஜன்னலைத் திறந்து வைத்து, கணினிப் பெட்டியின் பக்க மூடியைக் கழற்றி, வேகத்தைப் படிப்படியாக ஏற்றினேன். சூடு அறுபது பாகையைத் தாண்டவே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் ஒரு படி ஏற்றினேன். திரை கறுத்துவிட்டது.

வரிசையாக ஒட்டிய வீடுகள் கொண்ட எங்கள் லயம் முழுவதற்கும் ஒரே வயர்தான். ஒரு வீட்டில் அயன்பெட்டி போட்டால் அடுத்த வீட்டில் பல்பு மங்கும். ஆகவே யோசிக்காமல், கூரையை எட்டாத நடுச்சுவருக்கு மேலாகப் பக்கத்து வீட்டு அத்தைக்குக் குரல் கொடுத்தேன்.

"அத்தே, அயன்பெட்டிய கொஞ்சம் நிப்பாட்டுங்க!"

"நான் எங்கடா அயன் பண்றேன்? யூனிபோர்ம தலகாணிக்கு அடியில மடிச்சி வச்சாச்சு. ஒன் மெஷினு படுத்தா அதுக்கும் நான்தானா?"

மறுபடி ஓட்டினேன். அதே வேகத்தில் அதே கறுப்பு. வோல்டேஜைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு வோல்ட்டைச் சற்றுத் தாண்டியதும் கார்டு மறுத்துவிட்டது. கார்டைச் செய்தவர்களே அங்கே பூட்டுப் போட்டிருந்தார்கள். தேடிப் படித்தபோதுதான் விளங்கியது: குளிர் சூட்டைத்தான் தணிக்கும். சிப்புக்குள் இருக்கும் சுவிட்சுகள் வேகமாகத் திறந்து மூட வோல்டேஜ் வேண்டும்; அது மிஞ்சினால் அவற்றின் மெல்லிய படலங்களே அரித்துப்போகும்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே நீர்த்தேக்கம் பனிக்குள் கிடந்தது. அந்த மாதிரித் தண்ணீர் விழுந்து பிறக்கிற கரண்ட், இருநூற்று முப்பது வோல்ட்டாக வீட்டுக்குள் வந்து, பன்னிரண்டாகக் குறைந்து, கடைசியில் சிப்புக்குள் ஒரு வோல்ட்டாக நுழைகிறது. டோர்ச் பேட்டரி ஒன்றைவிடக் குறைவு! அதை வைத்துக்கொண்டு கோடிக்கணக்கான சுவிட்சுகள், ஒரு மணப்பெண்ணின் முகத்தை என் கண்முன் வரைகின்றன. கொஞ்ச நேரம் மவுசைத் தொடவே தோன்றவில்லை.

பிறகு எதிர்ப்பக்கம் போனேன். பழைய வேகத்தையே வைத்துக்கொண்டு வோல்டேஜைக் குறைத்தேன். தொள்ளாயிரம் மில்லிவோல்ட்டிலும் திரை கறுக்காமல் ஓடியது. சூடு குறைந்து விசிறியின் இரைச்சலும் அடங்கியது.

அக்கா ஓடி வந்தாள். "என்னாடா, செத்துப்போச்சா?"

"ஓடுது."

"சத்தத்தையே காணோம்?"

நம்பாமல் தன் வீடியோவைத் தானே ஓட்டிப் பார்த்தாள். தாலி கட்டும் காட்சி ஓடும்போது எங்கள் வீட்டுப் பல்பு மங்கியது.

"இப்ப ரைஸ் குக்கர் போட்டிருக்கேன், சொல்லிட்டேன்!" என்றார் அத்தை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

கார்டு அசரவில்லை. வீடியோ முழுவதும் முடிந்தது.

"ஞாயித்துக்கெழம இத குடுத்துட்டு வர்ற வரைக்கும் கைய வைக்காத" என்றாள் அக்கா.

"அப்புறம்?"

"அப்புறம் இன்னும் கொஞ்சம் எறக்கிப் பாரு. ஜன்னல மட்டும் மூடு, பனி வந்து துணியெல்லாம் ஈரம்."

ஞாயிறு பின்னேரம், எண்ணூற்று எழுபத்தைந்து மில்லிவோல்ட்டிலும் ஓடியது. ஜன்னலை மூடிய பிறகும்.