மூக்கம்மாவும் பவுடர் டப்பாவும்

"கிட்ட வாங்க மாமா" என்று தொழிற்சாலை வாசலில் மச்சினி என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து முகர்ந்து பார்க்கிறாள். "ஷேவ் பண்ணிட்டு என்னத்தையோ பூசியிருக்கீங்க. போய்க் கழுவுங்க." நான் சாமான் வாங்கும் பிரிவுக்காரன். சிப் செய்யும் அறைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. சொன்னால் கேட்பாளா? அக்கா புருஷன் என்பதால் எனக்கு இன்னொரு தடவை சேர்த்து மோப்பம் பிடிப்பாள்.

எல்லாரும் அவளை மூக்கம்மா என்பார்கள். கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பாள். பார்ப்பது பொறியாளர் வேலை. கைபேசிச் சிப்பில் மின்சாரம் ஓடும் கோடுகளை இன்னும் மெல்லிசாக்க வேண்டும். தலைமுடியே அவற்றின் பக்கத்தில் தூண்தான். கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று விழுந்தாலும் சிப் அம்பேல்.

புதுச் சிப்புகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தன. "அடுத்த தடவையும் இப்படியே வந்தா வேலையை வேற தொழிற்சாலைக்குக் கொடுத்துடுவாங்க. என் டீமைக் கலைச்சிடுவாங்க மாமா" என்றாள். அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அங்கேயும் இதே கூத்து. அவளுடைய ஐந்து வயது மகள் முகம் நிறையப் பவுடர் அப்பிக்கொண்டு காலையில் ஓடி வருவாள். "கையைப் பின்னாடி கட்டு. அம்மா மேல பவுடர் படக் கூடாது." குழந்தையும் சமர்த்தாகக் கையைக் கட்டிக்கொள்ளும். எனக்குத்தான் பார்க்கப் பொறுக்காது.

பழுதான சிப்புகளைச் சோதித்தவர்கள், விழுந்திருப்பது முகப் பவுடர் என்றார்கள். அவ்வளவுதான், மூக்கம்மா சாமியாடிவிட்டாள். ஒருவர் விடாமல் முகர்ந்தாள். மேலதிகாரியையும் விடவில்லை. ஒருவரிடமும் வாசனை இல்லை.

மறுநாள் மூக்குக் கண்ணாடியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி என் மேசைக்கு ஓடி வந்தாள். "கிடைச்சிடுச்சு மாமா. நான்தான் அந்தத் திருடி."

கண்ணாடி வில்லையைத் தினமும் துடைப்பவள், கம்பி மடியும் கீலைத் துடைக்கவில்லை. அங்கே பவுடர் அடைந்திருந்தது. சிப் செய்யும் இயந்திரத்தைத் திறந்து குனிந்து பார்த்தபோதெல்லாம் உள்ளே உதிர்ந்திருக்கிறது. வீட்டில் மகளைக் கேட்டால், "உங்க மேலதானே போடக் கூடாதுன்னீங்க. கண்ணாடிக்குத்தான் போட்டேன்" என்றதாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இதை டீம் முழுக்கக் கூட்டிவைத்து அவளே சொன்னாள். "கொஞ்சம் மூடி மறைக்கக் கூடாதா?" என்றேன்.

"காரணம் தெரிஞ்சுபோச்சே மாமா. இதைவிட என்ன வேணும்?" பூரிப்பில் அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது.

இயந்திரத்தைக் கழுவித் துடைத்தார்கள். அவளுக்கு வேறொரு கண்ணாடி வந்தது. அது தொழிற்சாலையைத் தாண்டாது. மறுபடி சிப் செய்து, வாரக்கணக்கில் காத்திருந்தோம். இன்று மாலை முடிவு வந்தது.

"பத்துக்கு ஒன்பது உசிரோட இருக்கு மாமா." டீம் கலையாது, வேலையும் எங்கேயும் போகாது. வீடு வரும்வரை இருவரும் மாற்றி மாற்றி அதையே சொல்லிக்கொண்டு வந்தோம்.

வாசலில் குழந்தை வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது. மூக்கம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்ப் பவுடர் டப்பாவை எடுத்து வந்தாள். மூடியைத் திறந்து மகள் கையில் கொடுத்தாள். கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டிவிட்டு, தரையில் மண்டியிட்டு, கண்ணை மூடி முகத்தைக் காட்டினாள்.