உயிரோடிருக்க இரண்டு கையெழுத்து

ஈரமண்ணை அள்ளி உருட்டி, ஒரு தட்டுத் தட்டிப் பதம் பார்த்து, புகை கசியும் விரிசலில் வைத்து அழுத்தின கைகள். அழுத்திய இடத்தை வழித்துவிட்டு, அதன்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தன. உள்ளங்கை காய்த்துப்போய்விட்டது, அதற்குச் சூடு தெரியாது. புறங்கைதான் சொல்லும். வெள்ளையாகப் பொங்கிக்கொண்டிருந்த புகை காலையிலிருந்து மெலிந்து நீலமாகியிருந்தது. இனி மூட்டத்துக்குள் காற்றே போகக் கூடாது. ஒரு விரல் அகலம் திறந்திருந்தாலும் உள்ளே அடுக்கிய கருவை விறகு கரியாகாமல் சாம்பலாகிவிடும். கடைசி விரிசலையும் மூடிய பிறகு கைகள் முந்தானையில் துடைத்துக்கொண்டன.

பூமயிலுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. 1998 மார்ச் மாதம். ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய்க்குத் தெற்கே, டவுன் பஸ் வந்து திரும்புகிற கடைசி ஊர். அந்த ஊரில் அவள் செத்து ஓர் ஆண்டும் இரண்டு மாதமும் ஆகியிருந்தன.

அவளைச் சாகடித்தவன் கொழுந்தன் பால்சாமி. அதற்குக் காரணம் ஒரு லாட்டரிச் சீட்டு.

சீட்டை அவள் விரும்பி வாங்கவில்லை. மங்கலம் பஸ் ஸ்டாண்டில் குருநாதன் பெட்டிக்கடையில் வெற்றிலை வாங்கிவிட்டு மீதி ஐந்து ரூபாய்க்குக் கை நீட்டியபோது, சில்லறை இல்லை என்று அவன் ஒரு வெளிமாநிலச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். "இதை வச்சு நாக்கு வழிக்கவா?" என்று பஸ் வரும்வரை அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். இருபது நாள் கழித்து அதற்குத்தான் முதல் பரிசு விழுந்தது.

பரிசு ஆறு லட்சம். அதை வாங்கிக்கொள்ள இரண்டு வழி இருந்தது. ஒரே தொகையாகக் கேட்டால் கமிஷனும் வரியும் போக மூன்றேகால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகக் கைக்கு வரும். இல்லையென்றால் சாகும்வரை மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு. செத்த மாதத்தோடு அது நின்றுவிடும், வாரிசுக்கு ஒன்றும் கிடையாது. எது வேண்டுமென்று பதினைந்து நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிவிட்டால் மாற்ற முடியாது.

குருநாதன் கணக்குப் போட்டுக் காட்டினான். "மொத்தமா வாங்கி பாங்குல போடு. வட்டியே இதைவிடக் கூட வரும். முதலும் அப்படியே கெடக்கும். இது தெரியாம மாசத் துட்டு கேக்குறியே."

கணக்கு சரிதான். பூமயிலும் அதைத் தப்பென்று சொல்லவில்லை. "பாங்குல போட்டதை எடுக்க ஒரு கைநாட்டு போதும். என் கையைப் புடிச்சு வைக்க இங்கன பத்துப் பேரு இருக்கான்" என்றாள்.

மொத்தமாக வந்த பணம் என்னவாகும் என்பதை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். 1981இல் விறகு லாரி கவிழ்ந்து அவள் புருஷன் கூத்தையா செத்தபோது லாரிக்காரர் எட்டாயிரம் கொடுத்தார். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அது கரைந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவள் கரிமூட்டம் போடக் கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் நான்கு மூட்டமும் சாம்பல். இடது முழங்கை வரை உள்ள தழும்பு ஐந்தாவது மூட்டத்தில் வந்தது. ஆறாவதிலிருந்து கரி எடுத்தாள்.

சீட்டு விழுந்த செய்தி தெரிந்ததும் பால்சாமி பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தான்.

"மதினி, எங்கண்ணன் இருந்தா மொத்தமாத்தான் வாங்கியிருப்பாரு."

"உங்கண்ணனுக்கு வந்ததும் மொத்தமாத்தான் வந்துச்சு. பதினாறாம் நாள் பாத்தா அது ரெண்டு மாடா உன் தொழுவத்துல நின்னுச்சு."

"அந்த மாடு செத்தே எட்டு வருசமாச்சு. அதை இன்னும் பேசுவியா?"

"நான் சாகலையே. பேசத்தான் செய்வேன்."

பால்சாமி பொறுத்துக்கொண்டான். "எம்மவன் மருதுபாண்டி மலேசியா போக ஏஜெண்டு ஒன்னே கால் லட்சம் கேக்கான். நம்ம புள்ளை மதினி. உனக்கு ஒன்னுன்னா கொள்ளி வைக்கப் போறவன் அவன்தான்."

"கொள்ளி வைக்க ஒன்னே கால் லட்சமா? நான் மூட்டத்துல விழுந்து வெந்துக்கிறேன்."

யாரோ சிரித்தார்கள். பால்சாமிக்கு முகம் கறுத்தது. "மாசத் துட்டு நீ போனா உன்கூடவே போயிரும். யாருக்கு என்ன மிச்சம்?"

"அதுக்காகத்தான் அதைக் கேட்டேன். என் சாவுல ஒரு பைசா தேறாதுன்னு தெரிஞ்சாத்தான் என் சோத்துல எவனும் கையை வைக்க மாட்டான்."

சொல்லக் கூடாத சொல் அது. பால்சாமி பேராசைக்காரன், மாட்டை அமுக்கியவன், அண்ணன் மனைவியை வீட்டு வாசலில் நிற்கவைத்தே பேசி அனுப்புகிறவன். ஆனால் சோற்றில் விஷம் வைக்கிற ஆள் அல்ல. அது பூமயிலுக்கும் தெரியும். தெரிந்தும் பதினான்கு வீட்டுக்காரர்கள் முன்னால் சொன்னாள், பிறகு ஒருநாளும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவுமில்லை.

தை மாதம், மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள், பதினான்கு வீட்டுப் பங்காளிகளும் கண்மாய்க்குப் போனார்கள். எண்ணெய் வைத்து, சாவு வீட்டுக்குச் செய்வதுபோலத் தலைமுழுகி, கரையில் ஒரு மண்பானையை உடைத்தார்கள். அன்றிலிருந்து அவர்களுக்குப் பூமயில் இல்லை. நேரில் வந்தால் அவளைத் தாண்டிப் பார்ப்பார்கள். நல்லதுக்கும் கெட்டதுக்கும் சொல்லமாட்டார்கள். மாதம் ஐந்தாம் தேதி மணியார்டர் வாங்க அவள் நடந்து போகும்போது மட்டும் எல்லா வீட்டுக் கதவிலும் ஆள் இருக்கும்.

முதல் ஆண்டு இப்படிப் போயிற்று. பிறகு லாட்டரி ஆபீசிலிருந்து ஒரு படிவம் வந்தது. பரிசு பெற்றவர் உயிரோடு இருக்கிறார் என்று அதே ஊரில் பத்தாண்டாவது அவரை அறிந்த இருவர் கையெழுத்திட வேண்டும். அதன்மேல் கிராம அதிகாரி முத்திரை வைக்க வேண்டும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் போய்ச் சேராவிட்டால் ஆள் இறந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளப்படும்.

அந்த ஊரில் பதினான்கு வீட்டைத் தவிர வேறு வீடு கிடையாது.

ஒரு வீட்டுப் படியிலும் அவளை ஏறவிடவில்லை. ஒருத்தி மட்டும் கதவுக்குப் பின்னாலிருந்து, "செத்தவளுக்குக் கையெழுத்துப் போட்டா தீட்டு" என்றாள். கிராம அதிகாரி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ நிக்கிறது எனக்குத் தெரியுதும்மா. காகிதத்துக்குத் தெரியணுமே. ரெண்டு பேரைப் போடச் சொல்லு, குத்தித் தாரேன்."

மார்ச் இருபத்தேழு வந்துவிட்டது. அன்று மூட்டம் ஆறியிருந்தது. பூமயில் மேல்மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீய்த்து, தண்ணீர் தெளித்து, புறங்கை வைத்துப் பார்த்து, பிறகுதான் கரியை இழுத்தாள். தட்டினால் கண்ணாடிபோல ஒலித்தது. தூளைச் சலித்து ஒதுக்கி, கட்டியை மட்டும் சாக்கில் போட்டு வாயைத் தைத்தாள். இருபத்துநாலு மூட்டை.

அன்றைக்குத்தான் தேவிபட்டினத்துக் கரி வியாபாரி சதக்கத்துல்லாவின் லாரி பால்சாமியிடம் லோடு ஏற்ற வந்து நின்றது. அவனும் கரிமூட்டம் போடுகிறவன்தான். சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்னால் வருவதாகத் தகவல் வந்ததும் பால்சாமி பதறிப்போய்த் தன் மூன்றாவது மூட்டத்தைச் சூடு ஆறுமுன்னே வெட்டித் திறந்திருந்தான். கண்ணெதிரே அது பற்றி எரிந்து சாம்பலாகிவிட்டது. லோடுக்கு இருபத்திரண்டு மூட்டை குறைந்தது. குறை லோடோடு திரும்புகிற லாரி அந்தப் பாதையில் மறுபடி வராது.

பால்சாமி தன் மகன் மருதுபாண்டியை இழுத்துக்கொண்டு பூமயிலின் மூட்டத்துக்கு வந்தான். மூன்றடி தள்ளி நின்றுகொண்டு, மகனைப் பார்த்துப் பேசினான்.

"ஏலே, இருபத்திரண்டு மூட்டை வேணும்னு கேளு."

"பெரியாத்தா, அய்யா வந்து..."

"செத்தவளை முறை சொல்லாதடா."

"பேரைச் சொல்லவா?"

"பேரும் சொல்லாத."

"பெறகு எப்படிய்யா கேக்க?"

பூமயில் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "கேட்டுருச்சு. செத்தவ கரி விக்க மாட்டா" என்றாள்.

"என் மூட்டத்துல ஓட்டை போட்டது யாருன்னு ஊருக்கே தெரியும்னு சொல்லுடா."

"நான் போட்டிருந்தா உனக்குச் சாம்பலும் மிஞ்சியிருக்காது. ஆறுறதுக்கு முன்னே மண்வெட்டியோட நின்னவன் நீ."

மருதுபாண்டி தலையைக் குனிந்துகொண்டான். மண்வெட்டி பிடித்தவர்களில் அவனும் ஒருவன்.

பூமயில் மடியிலிருந்து படிவத்தை எடுத்து, தைத்த மூட்டையின்மேல் விரித்தாள். "ரெண்டு கையெழுத்து. பெறகு மூட்டை. மூட்டைக்குச் சந்தை விலை தனி. கையெழுத்துக்காக விலையில ஒரு ரூவா குறைக்க மாட்டேன்."

மருதுபாண்டி படித்தான். "மேற்படி பூமயில் என்பவர் இன்றைய தேதியில் உயிருடன் இருப்பதை நாங்கள் நேரில் அறிவோம்."

"இதுல போட்டா பதினாலு வீடும் என்னையும் முழுகிரும்னு சொல்லு."

"முழுகட்டும். செத்தவங்க ரெண்டு பேரு ஆயிருவோம். பேச்சுத் துணைக்கு ஆச்சு."

கண்மாய்க் கரையிலிருந்து லாரி ஹாரன் அடித்தது. பால்சாமி கண்மாய்ப் பக்கம் பார்த்தான். மூட்டைகளைப் பார்த்தான். மகன் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவிக் குனிந்து கையெழுத்துப் போட்டான். பேனாவை மகனிடம் எறிந்தான். மருதுபாண்டியும் போட்டான்.

"இது உனக்குப் போட்டதில்ல. கரிக்குப் போட்டது." ஓராண்டுக்குப் பிறகு அவளைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அது.

"எதுக்கோ போட்ட. அடுத்த மார்ச்சுலயும் போட வேண்டியிருக்கும்."

"அடுத்த மார்ச்சு உன் மூட்டத்துல நான் கால்கூட வைக்க மாட்டேன்."

"அது நீ திறக்கிறதைப் பொறுத்தது."

பூமயில் படிவத்தை நான்காக மடித்து மடியில் செருகினாள். பால்சாமி மூட்டையைத் தானே எடுக்கக் கையை நீட்டினான். அவள் அதன்மேல் காலை வைத்தாள்.

"என் கையால வாங்கு. தரையில கெடந்ததை எடுத்தேன்னு நாளைக்கு ஊருல சொல்லுவ."

அவன் அசையவில்லை. ஹாரன் மறுபடியும் அடித்தது.

"தலையில தூசி விழும். பெறகு போயி முழுகிக்க" என்றாள் பூமயில். "கண்மாயில தண்ணி இல்ல. பம்புசெட்டுக்குப் போ."

பால்சாமி துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக் குனிந்தான். முதல் மூட்டையை அவள் தூக்கி அதன்மேல் வைத்தாள்.