ஒரே பெயரில் இரண்டு மெத்தட்

மேரு என்ற ஊரில் மீனையும் இறாலையும் உறைய வைத்து அடுக்கும் ஒரு குளிர் கிடங்கில் என் அக்கா பேக்கிங் வேலை செய்தாள். அந்தக் கிடங்கைக் கண்காணிக்கும் நிரலை எழுதியது பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் நான் வேலை பார்த்த சின்ன அலுவலகம். அங்கே குளிரூட்டும் குழாய்களில் ஓடுவது அமோனியா. கசிந்தால் கண் எரியும், அதிகமானால் மூச்சே நின்றுவிடும். கசிவைக் கண்டதும் சைரனை அலற வைப்பது எங்கள் நிரலின் பொறுப்பு.

ஒரு நாள் காலை, வேறு எதையோ தேடிக்கொண்டு ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய அந்த நிரலின் கோப்பைத் திறந்தேன். கிளாஸ் என்னும் நிரல் தொகுப்பின் மேல்பகுதியில் ‘செக்’ என்று ஒரு மெத்தட், அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டு; இது வாயுவின் அளவைப் பார்ப்பது. கீழே போனால் அங்கேயும் ஒரு ‘செக்’. வெப்பநிலையைப் பார்ப்பதற்காகச் சக ஊழியர் ஒருவர் பிறகு சேர்த்தது. ஒரு கிளாஸுக்குள் ஒரே பெயரில் இரண்டு மெத்தட் எழுதினால் ஜாவாஸ்கிரிப்ட் தப்பு என்று சொல்லாது. கடைசியாக வந்ததை வைத்துக்கொண்டு முதலாவதைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். அப்படியானால் வாயுவை யாரும் பார்க்கவே இல்லை.

அக்காவை அழைத்தேன். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்று தெரிந்தும் மறுபடி அழைத்தேன். பிறகுதான் கிடங்கின் டெக்னீஷியன் நினைவுக்கு வந்தார். அவரை அழைத்தேன்.

“அண்ணே, ஆளுங்கள வெளிய அனுப்புங்க. கேஸ் சென்சார் வேல செய்யல.”

“ஸ்கிரீன் பச்சையாத்தானே இருக்கு லா.”

“அந்தப் பச்சைய நம்பாதீங்கண்ணே. அது கேஸ பாக்கவே இல்ல.”

“கேஸ் மீட்டர எடுத்துக்கறேன், லைன்லயே இரு,” என்றார்.

இரும்புக் கதவு திறக்கும் ஓசை கேட்டது. எல்லாரையும் வெளியே போகச் சொல்லி மலாயில் யாரோ கத்தினார்கள். பிறகு ஒன்றுமே இல்லை. அந்தச் சின்ன மீட்டரோடு அவர் உள்ளே போயிருக்கிறார் என்று புரிந்தபோது, அவரையும் நானே அனுப்பிவிட்டேனோ என்று தோன்றியது. உட்கார முடியவில்லை.

“கேஸ் இல்ல. மீட்டர் ஒண்ணும் காட்டல,” என்றது அவர் குரல், மூச்சிரைப்போடு.

இரண்டு மெத்தட்களுக்கும் வேறு வேறு பெயர் வைத்து, இரண்டும் ஓடும்படி மாற்றி அனுப்பினேன். அவர் சோதனை வாயுவைச் சென்சாரில் காட்டியதும் போனில் சைரன் அலறியது.

மதியம் அக்கா அழைத்தாள். “எங்க எல்லாரையும் வெயில்ல நிக்க வச்சிட்டாங்க. நீதான் சொன்னியாமே?”

“ஆமாக்கா.”

“பிரச்சனையா?”

“இப்ப இல்ல.”

சாப்பிட்டாயா என்று கேட்டாள். இனிமேல்தான் என்றேன். பிரேக் முடிந்து அவள் மறுபடி உள்ளே போய்விட்டாள். நான் சாயங்காலம்வரை, நாங்கள் நிரல் எழுதிக்கொடுத்த மற்ற கிடங்குகளின் கோப்புகளிலும் ஒரே பெயரில் இரண்டு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.