விருந்தாளிக்குக் கொடுத்த தண்ணீர்

என் தங்கை கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறாள். கண்ணுக்குத் தனியே தெரியாத அளவுக்குச் சிறிய இரும்புத் துகள்களைத் தண்ணீரில் கலக்குவாள். தண்ணீரில் ஆர்செனிக் இருந்தால் அது துகளின் மேல் ஒட்டிக்கொள்ளும். குழாயின் பக்கவாட்டில் காந்தத்தை வைத்தால் கலங்கிய கறுப்பெல்லாம் ஒரே ஓரமாக ஒதுங்கும், தண்ணீர் தெளிந்துவிடும். அந்தக் கறுப்பில் மருந்து விட்டு, நிறத்தைப் பார்த்து, நஞ்சு உண்டா என்று சொல்வாள். எனக்கு வீட்டில் கால் தரிக்காது. தண்ணீர் பிடித்துவரப் புட்டிகளோடு ஊர் சுற்றும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எடப்பாடிக்குத் தெற்கே, விசைத்தறி ஓடும் ஒரு வீடு. பெண்ணை வளைகாப்பு முடித்து, பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். காவிரித் தண்ணீர் குழாயில் வாரத்துக்கு ஒரு முறைதான் வரும். இடையில் தீர்ந்துபோனால் மகள் போர் தண்ணீரைக் குடிக்கலாமா என்பதுதான் அந்த அம்மாவின் கேள்வி.

மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நானே புட்டியில் பிடிக்க வேண்டும் என்பது தங்கையின் விதி. அன்று வெயில். அந்த அம்மா மோர் கொடுத்துவிட்டு, "உக்காருங்க சாமி, நான் புடிச்சாரேன்" என்று புட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் மோரோடு உட்கார்ந்துவிட்டேன்.

ஆர்செனிக் இல்லை என்று வந்தது. போனில் கூப்பிட்டு, குடிக்கலாம் என்று நானே சொன்னேன். மூன்றாம் நாள், மிச்சத் தண்ணீரில் உப்பு அளந்து பார்த்த தங்கை என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுல உப்பே இல்ல. இது போர் தண்ணியே இல்ல. யாரு புடிச்சா?"

மோரைப் பற்றிச் சொன்னேன். அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

நாங்கள் போய்க் கேட்டதும் அந்த அம்மாவுக்கு ஆச்சரியம். "ஏனுங்க, ஊட்டுக்கு வந்தவங்களுக்கு உப்புத் தண்ணியவா புடிச்சுக் குடுப்பாங்க? காலேஜுக்கு வேற போவுது. குடத்துல இருந்த காவிரித் தண்ணியத்தான் ஊத்துனனுங்க."

அவர்கள் சேர்த்து வைத்த குடிநீரில் ஒரு லிட்டரை நான் வாங்கிப் போயிருக்கிறேன்.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எம்பட பரிச்சைக்குப் பக்கத்தூட்டுப் புள்ளைய எழுதச் சொன்னாப்பல இருக்குதும்மா." சிரிப்பு சட்டென்று நின்றது. "அப்ப நான் மூணு நாளாக் குடிச்சது?"

மோட்டார் ஓடியது. இம்முறை தங்கையே பிடித்தாள். வாசலிலேயே கறுப்பைக் கலக்கினாள். காந்தம் அதை இழுத்து ஓரத்தில் நிறுத்தியது. மருந்து விட்டாள். நிறம் ஏறிக்கொண்டே வந்தது. கொட்டகையில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"இருக்குதுங்க," என்றாள் தங்கை. "மூணு நாளுக்குப் பயப்பட வேண்டாம் கண்ணு. வருசக்கணக்காக் குடிச்சாத்தான் கெடுதல். இருந்தாலும் டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு. இனி இதைக் குடிக்கவும் வேண்டாம், சோறாக்கவும் வேண்டாம்."

"காச்சுனா போயிராதுங்களா?"

"போவாதுங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. குடத்தைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் ஒரு செம்பு அளவுக்கு இருந்தது. குழாயில் தண்ணீர் வர இன்னும் நான்கு நாள். மருமகன் ஊர் பரமத்தி வேலூர். அங்கே ஆற்றுத் தண்ணீருக்குக் குறைவில்லை.

"நான் வேணா அங்கயே போயிரட்டுமாம்மா?" என்றாள் மகள்.

"வளைகாப்புப் போட்டுக் கூட்டியாந்த புள்ளையத் தண்ணியில்லீன்னு திருப்பி அனுப்பறதா? வாய மூடு."

போனை எடுத்துக்கொண்டு தறிக்கொட்டகைப் பக்கம் போனார். எங்களுக்குக் கேட்கக் கூடாதென்றுதான். ஆனால் தறிச் சத்தத்தை மீறிக் கத்த வேண்டியிருந்தது.

"மாப்ள, ஞாயித்துக்கெழம வேண்டாங்க, இன்னைக்கே வாங்க. பழம், பலகாரமெல்லாம் வேண்டாங்க. ரெண்டு கேன் தண்ணி கொண்டாந்துருங்க."