கேற் மாமியின் பிழை

கேற்றில் இருக்கிற வேலையை வேலை என்று எவரும் ஒத்துக்கொள்வதில்லை. கதிரை கொடுத்து இருத்திவைத்தால் அது எப்படி வேலையாகும் என்று கேட்பார்கள். பள்ளிக்கூட வாசல், ஆஸ்பத்திரி வாசல், கந்தோர் வாசல் என்று எங்காவது ஒரு வாசலில் இருந்து பிள்ளை வளர்த்தவர்களுக்குத்தான் அந்தக் கதிரையின் சூடு தெரியும். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கல்முனைப் பக்கம் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஒன்றில் பதினொரு வருடம் கேற்றைப் பார்த்தேன். அரசாங்கம் மற்றப் பள்ளிக்கூடங்களை எடுத்தபோது கன்னியர் இதை மட்டும் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். விடுதி கிடையாது. காலையில் வந்து இரண்டு மணிக்குப் போகிற பிள்ளைகள். வேதக்காரப் பிள்ளைகள், சைவப் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள், எல்லாரும் ஒரே வாங்கில். அவர்களுக்கு என் பெயர் சுபைதா என்று தெரியாது. கேற் மாமி என்றால்தான் தெரியும்.

மதரின் சந்தேகம்

பள்ளிக்கூடத்துக்குப் பெரியவர் மதர். மட்டக்களப்புப் பக்கத்துப் பெண், அறுபது வயது, வெள்ளை உடுப்பில் ஒரு சுருக்கு இருக்காது. வேலை கேட்டுப் போன அன்றே நான் சொல்லிவிட்டேன்: "மதர், என்ன வேலையெண்டாலும் செய்வன், மத்தியான லுஹர் தொழுகைய மட்டும் விடமாட்டன்." அவர் தையல் அறையைத் திறந்து காட்டி, ஒரு மூலையில் பாய் விரித்துக்கொள்ளச் சொன்னார்.

ஆனால் பன்னிரண்டு மணிக்கு அவர்களுக்கு மணியடிக்கும். கன்னியர் எல்லாரும் நின்ற நின்ற இடத்தில் செபம் சொல்வார்கள். கொஞ்சத்தில் எங்கள் பள்ளிவாசலில் பாங்கு கேட்கும், நான் தையல் அறைக்குப் போவேன். இந்த இடைவெளியில் ஒருநாள் ஒரு மாடு கேற்றால் வந்து, மதர் ஆசையாக வளர்த்த குரோட்டன் செடி ஐந்தையும் தின்றுவிட்டுப் போய்விட்டது. நான் ஓடிவந்து நின்றேன். மதர் மொட்டைக் குச்சிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீயும் கண்ணை மூடுறாய், நானும் கண்ணை மூடுறன், சுபைதா, இந்த மாட்டுக்குச் சமயமே இல்லையோ?"

மொட்டைத் தலை வாப்பா

மதர் எனக்குத் தந்த கட்டளை ஒன்றுதான். முகம் தெரிந்த ஆளிடம் மட்டும் பிள்ளையைக் கொடுக்கவேண்டும். எழுதிவைக்கிற பழக்கம் எனக்கு இல்லாததால் எல்லா முகத்தையும் நெஞ்சில்தான் பதிந்து வைத்திருந்தேன். தாடி, மீசை, தொப்பி, சைக்கிளின் நிறம் வரைக்கும்.

ஜெஸீமா என்றொரு பிள்ளை. வாப்பா மீராலெவ்வைப் போடியார், பெரிய வயற்காணிக்காரர். நெஞ்சு வரைக்கும் தாடி. ஒருநாள் பள்ளி விடுகிற நேரம் தலையும் நாடியும் மழித்த ஒரு மனிதர் வந்து, "ஜெஸீமாவ அனுப்புங்க" என்றார். நான் மாட்டேன் என்றேன். "நான் வாப்பா, தங்கச்சி" என்றார். அப்படிச் சொல்கிறவர்களைத்தான் கூடுதலாகக் கவனிக்கவேண்டும் என்று எனக்கு மதர் சொல்லியிருந்தார். ஜெஸீமாவைக் கூப்பிட்டு, "இவர் ஒங்கட வாப்பாவா மகள்?" என்று கேட்டேன். அந்தக் குறும்புக்காரி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தெரியா மாமி" என்றாள்.

மனிதர் பேரீச்சம்பழப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார். ஹஜ்ஜுக்குப் போய் முதல்நாள்தான் வந்திருக்கிறார்! தலை மழிக்க இருந்த இடத்தில் நாவிதன் தாடியையும் சேர்த்து எடுத்துவிட்டானாம். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? ஜெஸீமா சிரித்துக்கொண்டு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"பெத்த வாப்பாக்கே புள்ளையத் தரமாட்டீங்க, நல்லம், ஆனா தங்கச்சி, இவ பெரிய புள்ளையாகும் வரைக்கும்தான் இந்தக் கேற்று, மறுகா என்ட வீட்டுக் கேற்றுத்தான், இது நான் சொல்லுற சொல்."

அடுத்த வருடத்துப் படிப்பு

இது அந்தக் காலத்தில் புதினமான சொல் இல்லை. பிள்ளை பெரியவளானால் பள்ளிக்கூடம் முடிந்தது. கேற்றில் இருந்த எனக்குத்தான் அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். எட்டாம் வகுப்பில் எங்கள் பிள்ளைகள் முப்பது பேர் வருவார்கள், பத்தாம் வகுப்பில் ஒன்றிரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள். நானும் அப்படி நின்றவளுடைய மகள்தான், அதனால் அதைப் பிழை என்று நினைக்கவும் எனக்குத் தெரியவில்லை.

வீட்டு வண்டிக்காரன் வரும்வரை ஜெஸீமா என் கதிரைக்குப் பக்கத்தில் கிடந்த மர வாங்கில் இருந்து கணக்குச் செய்வாள். மற்றப் பிள்ளைகள் கல்லை எறிந்து பிடித்துக் கொக்கான் வெட்டுவார்கள், இவள் கொப்பியில் கவிழ்ந்துகொண்டிருப்பாள். ஒருநாள் பார்த்தேன், அது அவளுடைய வகுப்புப் புத்தகம் இல்லை. சிஸ்டரிடம் கெஞ்சி ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கி வைத்திருக்கிறாள். "என்ன கிளி, இந்த வருஷத்தது முடிஞ்சிட்டா?" என்று கேட்டேன்.

"அடுத்த வருஷம் நான் இஞ்ச இருப்பனோ தெரியா மாமி, அதுதான் அதையும் இப்பயே படிக்கிறன்."

அடுத்தநாள் தையல் அறையில் தொழுதுவிட்டுத் துஆக் கேட்கும்போது என் நான்கு பிள்ளைகளோடு ஐந்தாவதாக அவளுடைய பெயரும் தானாக வந்தது.

சிவப்புப் பூ

ஒக்டோபரில் ஜெபமாலை மாதா திருநாள். பள்ளிக்கூடம் முழுக்கக் கிறேப் பேப்பரில் பூச்செய்து தொங்கவிடுவார்கள், சிவப்பும் வெள்ளையும். அந்த வருடம் மழை முந்திவிட்டது. பூக்களை நனையாமல் எடுத்து உள்ளே கொண்டுபோனார்கள், நனைந்ததை என் வாங்கில் போட்டார்கள், பிறகு கூட்டி அள்ளினார்கள். வாங்கு ஈரமாகக் கிடந்தது. நான் குடையும் பிள்ளையுமாக ஓடித்திரிந்ததில் அதைக் கவனிக்கவில்லை.

மழை விட்டதும் ஜெஸீமா வாங்கிலிருந்து எழும்பினாள். அவளுடைய வெள்ளைக் கவுணின் பின்பக்கத்தில் சிவப்புக் கறையைப் பார்த்தேன். பெரிய பிள்ளையாகிவிட்டாள் என்று நினைத்தேன். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான்கு பெற்றவளுக்குத் தெரியாதா என்கிற பெருமை! என் தொழுகைச் சீலையை எடுத்து உச்சி முதல் கால் வரை அவளைச் சுற்றினேன். வாடகைக்கு ஓடுகிற ஹயர் காரைக் கூப்பிட்டு, கண்ணாடிக்கெல்லாம் துணி கட்டி, திரும்பிப் பார்க்கக்கூடாது என்று சாரதியிடம் சத்தியம் வாங்கி, அவளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவளுடைய உம்மா ஆசியா வாசலுக்கு வந்தாள். நான் காதில் சொன்னேன். பின்னால் நின்ற மாமிமார் என் முகத்தைப் பார்த்தே குரவை போட்டுவிட்டார்கள். நானும் சேர்ந்து போட்டேன், சத்தம்தான் சரியாக வரவில்லை.

ஜெஸீமா அழவில்லை. அறைக்குள் போகமுன் சீலையை விலக்கி என்னைப் பார்த்தாள்.

"மாமி, என்ட கணக்குக் கொப்பி மேசைக்குள்ள இரிக்கி, ஆருக்கும் குடுத்திராதீங்க."

வாங்கில் இருந்தவர்கள்

அடுத்தநாள் காலையில் மதர் என்னோடு திருநாள் அலுவல் கதைக்க வந்து, என் வாங்கில் இருந்தார். கால் மணித்தியாலம் இருந்திருப்பார். எழும்பித் திரும்பி நடந்தபோது நான் 'அல்லாஹ்!' என்று கத்திவிட்டேன். அந்தச் சுருக்கில்லாத வெள்ளை உடுப்பின் பின்னால் பெரிய செம்பரத்தம்பூ மாதிரி ஒரு வட்டம்.

வாங்கைத் தடவினேன். கை சிவந்தது. இடுக்கில் ஒரு துண்டுக் கிறேப் பேப்பர் இன்னும் சாயம் விட்டுக்கொண்டிருந்தது. நான் என்னை மறந்து அதே வாங்கில் இருக்கப்போனேன், மதர்தான் பிடித்து நிறுத்தினார். நடந்ததை அழுதழுது சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, உடுப்பைத் திருப்பிப் பார்த்து, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு கேட்டார்:

"இப்ப என்ன சுபைதா, எனக்கும் சீலை சுத்திக் கார் பிடிக்கப்போறியோ?"

ஆசியா வாய் திறக்கவில்லை

சிரிப்பெல்லாம் மதருக்கு. என் பிழையால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றிருக்கிறதே! அரை நேரம் லீவு கேட்டுக்கொண்டு ஓடினேன். போடியார் வீட்டு முற்றத்தில் கிடுகுப் பந்தல் ஏறிக்கொண்டிருந்தது. ஏழாம் நாள் சாப்பாட்டுக்கு நேற்றுப் பின்னேரமே நற்பிட்டிமுனை, மருதமுனை, சாய்ந்தமருது வரைக்கும் ஆள் போய்ச் சொல்லியாகிவிட்டதாம்.

ஆசியாவைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, "தங்கச்சி, அது கிறேப் பேப்பர்" என்றேன். அவள் வாளியில் தண்ணீர் அள்ளிக்கொண்டே, "தெரியும் ராத்தா" என்றாள். "கவுணத் தண்ணியில போட்டதும் சர்பத்துப் போல ஓடிச்சி. அப்பயே தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"இப்ப சொன்னா சாப்பாட்ட நிப்பாட்டுவாரு. அடுத்த மாசமோ மறு மாசமோ உண்மையா வரக்குள்ள புள்ளைய நிப்பாட்டுவாரு. சாப்பாடு நடக்கட்டும். ஒரு புள்ளைக்கு ரெண்டுதரம் பந்தல் போட்டா ஊரு சிரிக்கும், அவரு போடமாட்டாரு, பந்தல் இல்லாம எதச் சொல்லி நிப்பாட்டுவாரு? எட்டாம் நாள் நான் அவருட்டச் சொல்லுவன்."

எனக்கு ஐந்து நேரத் தொழுகையும் கண்முன் வந்து நின்றது. "அதுவரைக்கும் பொய்யல்லவா தங்கச்சி?" என்றேன். ஆசியா ஏழாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவள் என்று எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. வாளியை இறக்கி வைத்து, முட்டாக்கைச் சரிசெய்தாள்.

"கார் பிடிச்சது நீங்க, குரவை போட்டது மாமிமார், பந்தல் போடுறது அவரு, நான் இன்னும் வாயே திறக்கல்ல ராத்தா."

போடியார் வந்த காலை

அந்த ஏழு நாளும் நான் ஓதியது ஒரு வருடத்துக்குப் போதும். ஏழாம் நாள் விருந்துக்கும் போனேன், நல்ல கறி, என் பங்கைச் சுற்றிப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்விட்டேன். எட்டாம் நாள் ஒருவரும் வரவில்லை. ஒன்பதாம் நாளும் அந்த வாங்கு வெறுமையாக இருந்தது. சொல்லியும் அவர் விடவில்லையாக்கும் என்று நினைத்தேன். கணக்குக் கொப்பியைச் சீலைத் துணியில் சுற்றி என் மேசை லாச்சியில் வைத்திருந்தேன்.

பத்தாம் நாள், முதல் மணிக்கு முன்னமே போடியார் வந்தார். தாடி பாதி வளர்ந்திருந்தது. அவருக்குப் பின்னால் வெள்ளைக் கவுணும் இரட்டைப் பின்னலுமாக ஜெஸீமா. நான் கதிரையை விட்டு எழும்பி, "போடியார், அது என்ட பிழைதான், மன்னிச்சிருங்க" என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். எட்டாம் நாள் ஆசியா உண்மையைச் சொன்னதும் இரண்டு நாள் வீட்டில் ஒருவரோடும் கதைக்கவில்லையாம். மூன்று கிடா அறுத்த விருந்து அல்லவா! பிறகு ஆசியா ஒரேயொரு தரம் கேட்டிருக்கிறாள்: "கேற்றடியில குடுத்த சொல்லுக்கு என்ன செய்யப்போறீங்க?"

ஜெஸீமா உள்ளே ஓடினாள். கொப்பியை நான் நீட்டமுன்னமே பறித்துக்கொண்டு ஓடினாள். போடியார் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பெரிய புள்ளையாகும் வரைக்கும் எண்டு சொன்னன், ஆகல்ல, அனுப்புறன், ஆனா தங்கச்சி, கிறேப் பேப்பருக்குக் கிடா அறுத்த கதை இந்தக் கேற்றத் தாண்டப்படாது!"

பிறகு வந்த வாப்பாமார்

கதை தாண்டவில்லை. அதுதான் வினையாகப் போனது. ஊருக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: மீராலெவ்வைப் போடியார் மகளுக்கு ஏழாம் நாள் விருந்து கொடுத்தார், பத்தாம் நாள் அவளைக் கொன்வென்டுக்கு அனுப்பினார். பெரிய பிள்ளையை! ஹாஜியார் ஆன மனிதர்!

பள்ளிவாசலில் கேட்டிருக்கிறார்கள். உண்மையைச் சொல்ல முடியாது. சும்மா நிற்கவும் முடியாது. "இல்மு தேடிப் படிக்கிறது ஆணுக்கும் பொண்ணுக்கும் கடமை எண்டு தெரியாதா ஒங்களுக்கு?" என்று உரத்துச் சொன்னாராம். ஒரு தரம் சொன்னவர், கேட்கிற ஒவ்வொருவருக்கும் சொல்லவேண்டியதாயிற்று. சொல்லிச் சொல்லி அவருக்கே அது பிடித்துப்போய்விட்டது என்று நினைக்கிறேன். அடுத்த தவணை தொடங்கியபோது, நிறுத்தப்பட்ட பிள்ளைகள் நான்கு பேரை அவர்களுடைய வாப்பாமாரே கொண்டுவந்து கேற்றில் விட்டார்கள். ஒருவர் என்னிடம் கோபமாகவே சொன்னார்:

"போடியார்ர மகள் படிக்கக்குள்ள என்ட மகள் குசினிக்குள்ள இருந்தா, எனக்கென்ன மரியாதை?"

ஆசியாவின் செய்தி

ஆறேழு மாதம் கழிந்திருக்கும். ஒரு திங்கட்கிழமை ஆசியா கேற்றுக்கு வந்தாள். ஜெஸீமா அந்தக் கிழமை வரமாட்டாள், காய்ச்சல் என்று மதருக்குச் சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றாள். எனக்கு விளங்கியது. "இப்ப உண்மைதானா?" என்றேன். தலையை ஆட்டினாள். போடியார் சொன்ன சொல் இப்போது மற்றப் பக்கம் திரும்பி நிற்கிறதே.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். காலம்பற சொன்னன். முத்தத்துல பந்தல் நின்ட இடத்தப் போய்ப் பார்த்துக்கு வந்தாரு."

"பின்ன?"

ஆசியா முட்டாக்கால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு, போடியாரின் குரலிலேயே சொன்னாள்:

"'ஊரு தின்ட கிடா திரும்பி வருமா? காய்ச்சல் எண்டு சொல்லு, அடுத்த கிழமை அனுப்பு, கணக்குச் சோதினை இரிக்கி.'"

ஜெஸீமா இப்போது பொத்துவில் பக்கத்தில் கணக்கு டீச்சர். போடியாரும் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார், இனி எழுதலாம் மாமி என்று அவள்தான் சொன்னாள். பதினொரு வருடம் நான் சரியாகப் பார்த்த வேலையையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, பிழையாகப் பார்த்த அந்த ஒரு நாளை மட்டும் படைத்த ரப்பு எடுத்துத் தன் வேலைக்குப் போட்டுக்கொண்டான் என்றால், வாசலில் இருக்கிற நாங்கள் யாரிடம் போய் முறையிடுகிறது?